உம்மாவின் பெயர் எங்கே?

நம் சமுதாயத்தில் அண்மைக் காலமாகக் குடும்ப மலர்கள் பெருகி வருகின்றன. பள்ளிவாசல் திறப்பு விழாவுக்கு ஒன்று, பெரியவர் ஒருவரின் நூற்றாண்டு நினைவுக்கு ஒன்று, வளைகுடா நாடுகளில் உழைத்துப் பொருளீட்டித் திரும்பிய இளைஞர்களின் செலவில் ஒன்று என வழுவழுப்பான தாளில், வண்ண அட்டையுடன் அவை நம் கைக்கு வந்து சேருகின்றன. பெரும்பாலானவற்றின் நடுப்பக்கத்தில் ஆலமரம்போல் விரிந்த வமிசாவளிப் படம் ஒன்று இருக்கும். வேரில், அரபு நாட்டிலிருந்து மரக்கலமேறி வந்ததாகச் சொல்லப்படும் ஒரு பெரியவர். கிளைகளில் அவர்தம் மக்கள், மக்களின் மக்கள். முன்னோரை அறிய வேண்டும் என்ற ஆர்வம் நம்மவரிடையே எழுந்திருப்பதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் அந்த ஆலமரத்தைச் சற்று உற்று நோக்குமாறு வாசக அன்பர்களை வேண்டுகிறோம். அதில் பெண் ஒருத்தியின் பெயரேனும் உண்டா?

கருங்கல் வட்டாரத்தையும், அதனோடு கொள்வினை கொடுப்பினை உள்ள தேங்காய்ப்பட்டணம், குளச்சல், தக்கலை, திருவிதாங்கோடு ஆகிய ஊர்களையும் சேர்ந்த குடும்பங்களின் படங்கள் சில நம் பார்வைக்கு வந்தன. ஆண்மக்களின் பெயர்கள் பட்டத்தோடும் தொழிலோடும், சில இடங்களில் குடியேறிய நாட்டின் பெயரோடும் குறிக்கப்பட்டுள்ளன. பெண்மக்கள் வருமிடத்தில் ‘பெண் 2’ என்றோ ‘மகள்கள் மூவர்’ என்றோ வெறும் எண்தான் நிற்கின்றது. ஆடுமாடுகளைக் கணக்கெடுப்பவர் எழுதுவதும் இப்படித்தான். இதுபற்றி மலர்க்குழுவினரைக் கேட்டால், ‘அவர்கள் வேறு வீட்டுக்குப் போய்விட்டவர்கள்’ என்று மகளைப் பற்றிச் சொல்கிறார்கள். ‘அவர்கள் வேறு வீட்டிலிருந்து வந்தவர்கள்’ என்று மருமகளைப் பற்றிச் சொல்கிறார்கள். போனவளும் கணக்கில் இல்லை, வந்தவளும் கணக்கில் இல்லை என்றால், அந்தக் குடும்பத்தில் பிள்ளை பெற்றவர் யார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இதை வெறும் மரியாதைக் குறைவென்று கருதி விட்டுவிடலாகாது. இதே மலர்க்குழுவினர்தாம் முன்னுரையில், தம் வாப்பாவுக்கும் பாட்டனாருக்கும் பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை என்றும், அலுவலகங்களில் ஏறி இறங்கியும் பயனில்லை என்றும் வருந்தி எழுதுகிறார்கள். ஆவணம் அழிந்துபோனதால் கிடைக்காமற் போனது ஒரு பங்கு. தேடும் வழியை நாமே அடைத்துக்கொண்டதால் கிடைக்காமற் போனது பெரும்பங்கு என்பது நம் உறுதியான கருத்து. அந்த வழியின் திறவுகோல் பாட்டியாரின் பெயரும் அவர் பிறந்த ஊரும். அவ்விரண்டையும் அச்சேற்றத் தகாதவை என்று ஒதுக்கிய பிறகு, பூட்டு திறக்கவில்லையே என்று புலம்புவதில் என்ன பொருள்?

பிறப்புப் பதிவேடு எவ்வாறு எழுதப்படுகின்றது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அது குடும்பவாரியாக எழுதப்படுவதன்று. பெயர்களின் அகர வரிசையிலும் எழுதப்படுவதன்று. ஒரு பதிவு எல்லைக்குள் ஓர் ஆண்டில் நிகழ்ந்த பிறப்புகள், தகவல் வந்து சேர்ந்த முறைப்படி, ஒன்று இரண்டு என்று எண்ணிட்டு எழுதப்படுகின்றன. பிறந்த நாள், பிறந்த இடம், ஆணா பெண்ணா என்பது, தகப்பன் பெயர், தாய் பெயர், தகவல் தந்தவர் பெயர் ஆகியவை அதில் இடம்பெறும். குழந்தை எங்கே பிறந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடமே பதிவு நடைபெறும். தகப்பனாரின் சொந்த ஊர் எது, குடும்பத்தின் நிலபுலன் எங்கே உள்ளது என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும் இந்த முறையிலேயே அமைந்துள்ளது.

இனி நம் வீட்டு வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில். இதில் நாஞ்சில் நாடு என்றும் பாண்டி நாடு என்றும் வேறுபாடு இல்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களிலோ மாப்பிள்ளையே பெண்வீட்டில் வந்து வாழ்கிறார். ஆகவே கருங்கல்லில் வாழ்ந்து, கருங்கல்லில் வாணிகம் செய்து, அவ்வூர் மண்ணிலேயே அடங்கிய ஒருவரின் மூத்த மகன், உம்மாவின் ஊராகிய தேங்காய்ப்பட்டணத்திலோ தக்கலையிலோ பிறந்திருப்பார். அவருடைய பிறப்பைக் கருங்கல் பதிவேட்டில் நாள் முழுதும் புரட்டினாலும் காண முடியாது. பேறுகாலம் கடினமாகி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றிருந்தால் வழி இன்னும் திரும்பிவிடும். கருங்கல்லுக்குச் சற்றுத் தொலைவிலுள்ள நெய்யூரில் 1838-ஆம் ஆண்டிலேயே லண்டன் மிஷன் மருத்துவப் பணி தொடங்கிவிட்டது. (1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் ஏறும் முயற்சிகளில் பங்குகொண்ட டாக்டர் சாமர்வெல் நெடுங்காலம் பணிபுரிந்த இடம் அது.) கருங்கல் அன்று விளவங்கோடு வட்டம், இன்று கிள்ளியூர் வட்டம், நெய்யூரோ கல்குளம் வட்டம். உம்மாவுக்கு எந்த ஊர், எத்தனையாவது பேறு, வீட்டிலா மருத்துவமனையிலா என்ற செய்தி தெரியாதவர், எந்த வட்டத்தின் ஏட்டைக் கேட்பது என்றே அறியமாட்டார்.

பெயரின் கதை இதைவிடச் சிக்கலானது. நம்மிடையே குழந்தைக்குப் பெயர் வைப்பது பெரும்பாலும் ஏழாம் நாள், அகீகாவை ஒட்டி. சில வீடுகளில் நாற்பது கழிய வேண்டும். பிறப்புச் செய்தியோ அதற்கு முன்னரே பதிவாளரைச் சென்றடைந்துவிடுகின்றது. எனவே ஏட்டில் பெயர்ப்பகுதி வெறுமையாக நிற்கும். அல்லது ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும். பெயரைப் பின்னர் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கின்றது. ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் பதினைந்து ஆண்டுகள் வரை சிறு கட்டணத்துடனும் சேர்க்கலாம். எத்தனை பேர் போய்ச் சேர்த்தார்கள்? பாஸ்போர்ட் எடுக்கும் நாள் வரும்வரை அந்த ஏட்டின் நினைவே நமக்கு எழுவதில்லை. ஆகவே ‘முகம்மது இஸ்மாயில்’ என்ற பெயரைத் தேடிச் செல்பவர், பெயரே எழுதப்படாத ஓர் இடத்தில் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஓர் அலுவலகத்தில் நம் கண்ணெதிரே நிகழ்ந்த ஒன்றைச் சொல்லலாம். அன்பர் ஒருவருடன் நாம் சென்றிருந்தோம். பெயரைக் கேட்டார்கள், பட்டியலைப் பார்த்தார்கள், இல்லை என்றார்கள். பதிவு கிடைக்கவில்லை என்று சான்று தருகிறோம், பெற்றுக்கொண்டு போங்கள் என்றார்கள். அந்த அன்பர் ஏமாற்றத்துடன் எழுந்துவிட்டார். அவருடன் வந்திருந்த மூத்த சகோதரியார்தான், ‘உம்மா பெயரைப் போட்டுப் பாருங்கள், நான் பிறந்து மூன்றாம் வருடம், ஐப்பசி மழையில் பிறந்தவன் இவன்’ என்றார். அரை மணி நேரத்தில் பதிவு அகப்பட்டது. பெயர்ப்பகுதி வெறுமை, தகப்பன் பெயர் எழுத்துப்பிழையோடு, தாயின் பெயர் மட்டும் தெளிவாக. அந்த அம்மையாரின் பெயர் அவர்களுடைய குடும்ப மலரில் ‘பெண் 1’ என்றே அச்சாகியிருந்தது.

தகப்பன் பெயரில் பிழை வருவது வியப்பன்று. முகம்மது, முகமது, முஹம்மது, மொகமது, மம்மது. மைதீன், மொய்தீன், முகைதீன், மெய்தீன் என்று ஒரே பெயர் எத்தனை கோலம் கொள்கின்றது! எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். நம் பகுதியிலோ மீரான் பிள்ளை, மைதீன் பிள்ளை என்று பிள்ளைப் பட்டத்தோடு வழங்கும் வழக்கமும் உண்டு. வெளியூரிலிருந்து வந்த எழுத்தர் அதைப் பார்த்து மயங்கியதும் உண்டு. ஊரில் பத்து மீரான் பிள்ளைகள் இருந்த காலத்தில், தகப்பன் பெயரை மட்டும் கொண்டு எந்த மீரான் பிள்ளை என்று தீர்மானிப்பது எப்படி? தாயின் பெயரைச் சேர்த்துப் பார்த்தால் பத்தும் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

இத்தோடு முடிந்துவிடவில்லை. குமரி மாவட்டத்தார்க்கென்று தனியே ஒரு சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதற்கு முன் 1949 வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி. அக்காலத்து அரசு எழுத்துகள் பெரும்பாலும் மலையாளத்தில். ஆண்டுக் கணக்கு கொல்லம் ஆண்டில். வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் மலையாளம் படித்த தலைமுறை அது. தேங்காய்ப்பட்டணத்தின் புகழ்பெற்ற நாவலாசிரியர் தோப்பில் முஹம்மது மீரானும் (1944–2019) மலையாள வழியில் கற்றவரே. இன்று அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் வீட்டிலும் குறைந்துவிட்டனர், அலுவலகத்திலும் குறைந்துவிட்டனர். 1956-க்கு முன் சென்னை மாகாணத்தில் இருந்த பிற மாவட்டத்தாருக்கு 1899-ஆம் ஆண்டின் சென்னைச் சட்டத்தின்கீழ் எழுதிய ஏடுகள் கிடைக்கின்றன; ஆகவே ‘திருநெல்வேலியில் கிடைக்கிறதே, கருங்கல்லில் ஏன் கிடைக்கவில்லை?’ என்று ஒப்பிட்டுக் கேட்பது பொருந்தாது. ஆட்சி வேறு, மொழி வேறு, ஆண்டும் வேறு.

கொல்லம் ஆண்டு சிங்க மாதத்தில், அதாவது நம் ஆவணியில் பிறக்கின்றது. சிங்கம் முதல் ஆங்கில ஆண்டு முடியும்வரை 824-ஐயும், சனவரி முதல் கர்க்கடகம் முடியும்வரை 825-ஐயும் கூட்டிக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் ஓராண்டு தவறிய ஏட்டைப் புரட்டியவர்கள் பலர். இங்கேயும் வழிகாட்ட வல்லவர்கள் வீட்டு மூதாட்டியரே. ‘1115-ஆம் ஆண்டு, யுத்தம் தொடங்கிய பிறகு வந்த நோன்பு மாதத்தில் பிறந்தவர்’ என்று ஒரு பாட்டியார் சொல்வதாக வைத்துக்கொள்வோம். படித்த பேரன் இதைக் கேட்டுச் சிரிப்பான். ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள். கொல்லம் 1115 என்பது 1939 ஆகஸ்டு நடுவில் தொடங்கி 1940 ஆகஸ்டு நடுவில் முடிவது. ஐரோப்பிய யுத்தம் மூண்டது 1939 செப்டம்பரில். அந்தக் கொல்லம் ஆண்டுக்குள் ரமலான் ஒருமுறையே வருகின்றது. அது ஹிஜ்ரி 1358-இன் ரமலான், 1939 அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை. முந்நூற்று அறுபத்தைந்து நாட்களில் தேட வேண்டியதை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி ஒரே வாக்கியத்தில் முப்பது நாட்களுக்குள் கொண்டுவந்துவிட்டார். பள்ளிச் சான்றிதழை நம்பும் பேரனிடமோ ‘1.6.1940’ என்ற ஒரு தேதிதான் இருக்கும். அந்தக் காலத்தில் சேர்க்கைக்கு வந்த பிள்ளைக்குத் தலைமையாசிரியரே ஒரு பிறந்த நாளைக் குறித்துக் கொடுத்துவிடுவார். நம் பெரியவர்களில் இத்தனை பேர் மே மாதத்திலும் சூன் மாதத்திலும் பிறந்திருப்பது அவர் அருளால்தான்!

இவ்வளவையும் கேட்ட பின்னரும், ‘பெண்களின் பெயரைப் பலர் பார்க்க அச்சிடுவது நம் மரபுக்கு ஒத்ததன்று’ என்று சிலர் வாதிடுவர். எந்த மரபு? நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தாயார் பெயரும், பாலூட்டி வளர்த்த செவிலித்தாயின் பெயரும், துணைவியர் பெயர்களும், பெண்மக்கள் நால்வரின் பெயர்களும் நம் மதரஸாப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும் பெயர்கள். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் மறைந்த இப்னு ஸஅத் என்னும் அறிஞர், தம் மாபெரும் வரலாற்றுத் தொகுப்பில் ஒரு பகுதியையே பெண்களுக்கென்று ஒதுக்கி, இன்னாரின் மகள், தாயார் இன்னார், மணந்தவர் இன்னார், பெற்ற மக்கள் இன்னார் என்று எழுதி வைத்தார். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் தகாததாய்த் தோன்றாத ஒன்று, கருங்கல்லில் மட்டும் எப்படித் தகாததாயிற்று?

உண்மையில், பெண்ணின் பெயரை எழுத நம்மவருக்குக் கூச்சமொன்றும் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்று பாருங்கள். தகப்பனார் மறைந்தபின், சகோதரர்களுக்குத் தம் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரத்தில் அதே பெண்ணின் பெயர் எவ்வளவு துலக்கமாக இருக்கின்றது! இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, வயது இன்னது, குடியிருக்கும் ஊர் இன்னது என்று ஒன்று விடாமல் எழுதி, அடியில் பெருவிரல் ரேகையும் வாங்கப்பட்டிருக்கும். பங்கைக் கொடுக்கும்போது வேண்டியிருந்த பெயர், வமிசாவளியில் வேண்டாததாகிவிட்டது. மலர்க்குழுவினர்க்கு இது சற்றுக் கசப்பாக இருக்கலாம். ஆயினும் பாட்டியின் பெயரை மறந்தவர்களுக்கு நாம் காட்டும் வழிகளில் இதுவும் ஒன்று: பழைய பத்திரங்களைத் திறந்து பாருங்கள், அங்கே அவர் இருக்கிறார்.

இந்த இடத்தில் அரசையும் நாம் விட்டுவைப்பதற்கில்லை. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, நிலப் பத்திரங்களுக்கு ஆட்பெயர் வரிசையில் ஓர் அட்டவணையும், சொத்து வரிசையில் மற்றோர் அட்டவணையும் எழுதி வைக்கப்படுகின்றன. அந்த அட்டவணைகளின் உதவியால்தான் முப்பது ஆண்டு வில்லங்கத்தையும் தேடிச் சான்று வழங்குகிறார்கள். தமிழ்நாட்டுக் கிராமப்புறப் பழைய பிறப்புப் பதிவேடுகள் பலவும் அதே அலுவலகங்களில்தான் வைக்கப்பட்டுள்ளன. ஐந்து சென்ட் நிலத்துக்கு இரண்டு அட்டவணை எழுதும் கை, ஒரு மனிதப் பிறப்புக்குத் தாய் பெயர் வரிசையில் ஓர் அட்டவணை எழுதக்கூடாதா? ஏட்டில் ஒரு பதிவைத் தேடித் தருமாறு எவரும் பதிவாளரைக் கேட்கலாம் என்று 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதினேழாம் பிரிவு சொல்கின்றது. பிறப்பு இறப்புப் பதிவேடுகள் நிலையான மதிப்புடையவை, அழிக்கப்படலாகாதவை என்று விதிகளும் சொல்கின்றன. அழிக்கவும் கூடாது, ஆனால் நாளும் இடமும் முன்னரே தெரிந்தவரைத் தவிர வேறு எவராலும் கண்டெடுக்கவும் முடியாது என்ற நிலையில் ஓர் ஏட்டை வைத்திருப்பதால் யாருக்குப் பயன்?

பிற நாடுகள் இதை எண்ணிப் பார்த்திருக்கின்றன. இங்கிலாந்தில் 1837 சூலை 1 முதல் அரசுப் பிறப்புப் பதிவு நடைபெறுகின்றது. தொடக்கமுதலே காலாண்டுக்கு ஒன்றாக, நாடு முழுவதற்குமான பெயர் அட்டவணையும் உண்டு. ஆயினும் ஒரே பெயருடையோர் ஆயிரக்கணக்கில் இருந்ததால் தேடுவோர் திணறினர். 1911-ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டிலிருந்து ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்து அச்சிடத் தொடங்கினர். அந்த ஒரு சேர்க்கையால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அனைவரையும் அட்டவணையைக் கொண்டே ஒன்றுசேர்க்க முடிந்தது. ஸ்காட்லாந்திலோ, 1855-இல் அரசுப் பதிவு தொடங்கிய நாள்தொட்டே பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் அவளை விட்டு நீங்கியதில்லை.

அவ்வளவு தொலைவு போவானேன்? கருங்கல்லைச் சுற்றி நம்முடன் கடைவீதியில் நாளும் பழகும் கிறித்தவ அன்பர்களைக் கேளுங்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1563-ஆம் ஆண்டிலேயே பங்குதோறும் ஞானஸ்நான ஏடு எழுத வேண்டுமென்று கட்டளையிட்டது. நாடார் ஆயினும் மீனவர் ஆயினும், எழுத்தறியாத ஏழையாயினும், பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், ஞானப் பெற்றோர் பெயர் அங்கே எழுதப்பட்டன. இன்று அவர்களில் ஒருவர் பங்குக் கோயிலுக்குச் சென்று தம் பாட்டியின் பாட்டி பெயரை அறிந்து வர முடிகின்றது. நம் ஜமாஅத்துகள் நிக்காஹ் ஏட்டைப் பேணி வருகின்றன, அது போற்றத்தக்கதே. ஆனால் அதிலும் மணமகளுக்குத் தகப்பன் பெயர் உண்டு, தாய் பெயர் பல இடங்களில் இல்லை. அவர் பிறந்த ஊரும் நாளும் இல்லை.

இவையெல்லாம் ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர்க்கு இரண்டு செய்திகளை நினைவூட்டுகிறோம். 1948-ஆம் ஆண்டு இலங்கையின் குடியுரிமைச் சட்டம், தகப்பனோ, இல்லையேல் தகப்பனின் தகப்பனும் அவர் தகப்பனும் அந்நாட்டில் பிறந்ததைக் காட்டுமாறு கேட்டது. தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த இலட்சக்கணக்கான தமிழர், அதற்குரிய தாள் இல்லாமல் நாடற்றவராயினர். அடுத்தது நம் காலத்திலேயே நடந்தது. 2019 ஆகஸ்டு 31 அன்று அஸ்ஸாம் மாநிலத்தில் வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் விடுபட்டிருந்தன. அங்கே மிகுதியாக அல்லலுற்றவர்கள் மணமாகி வேறு ஊர் சென்ற பெண்கள். கணவன் பெயரோடு வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். ஆனால் தாம் இன்னாருடைய மகள் என்று காட்டுவதற்குப் பிறப்புச் சான்றும் இல்லை, பள்ளிச் சான்றும் இல்லை. ஊராட்சிச் செயலர் தந்த சான்று செல்லுமா செல்லாதா என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. சரிபார்த்தபின் ஏற்கலாம் என்று 2017-இல் தீர்ப்பு வந்த பின்னரும் அலைச்சல் ஓயவில்லை. ‘வேறு வீட்டுக்குப் போய்விட்டவர்கள்’ என்ற நம் மலர்க்குழுவின் சொல்லை, அங்கே அரசு எழுத்தர்களும் சொன்னார்கள்.

வாரிசுச் சான்று கேட்டு வட்டாட்சியர் அலுவலகம் செல்லும் குடும்பங்களில் நடப்பதை வாசகர் அறிவர். இருபது மைல் தொலைவில் மணம் முடித்துக் கொடுத்த மகள் மறைந்துபோயிருப்பார். அவர் பிள்ளைகள் வந்து, எங்கள் உம்மாவும் இந்த வீட்டு மகள்தானே என்பார்கள். மார்க்கம் மகளுக்கு உரிமையாக்கிய பங்கு அது. அவர்களுக்கு ஊரறிந்த உண்மை துணை நிற்கும். தாள் துணை நிற்காது. குடும்ப மலரை எடுத்துக் காட்டினால், அதில் ‘பெண் 3’ என்றிருக்கும். மூவரில் அவர் ஒருவர் என்று யார் வந்து சாட்சி சொல்வது?

2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அன்று முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை அனைத்துக்கும் பிறப்புச் சான்றே பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் ஆதாரம். தலைமையாசிரியர் அருளும் பிறந்த நாட்கள் இனி இல்லை. இப்போது பிறக்கும் பிள்ளைகளின் பதிவு கணினியில் ஏறிவிடுகின்றது. அவர்களைப் பற்றி நமக்குக் கவலை குறைவு. இருபத்தொரு நாட்களுக்குள் தகவல் கொடுத்து, அகீகா முடிந்த கையோடு பெயரையும் சேர்த்து, உம்மாவின் பெயர் அவருடைய ஆதார் அட்டையில் உள்ளபடியே எழுத்து மாறாமல் பதிவாகியுள்ளதா என்று பார்த்துக்கொண்டால் போதும். இன்னொன்றையும் வீட்டில் தனியே எழுதி வைக்க வேண்டும். பேற்றின்போது தாய்க்கு என்ன வயது, இது எத்தனையாவது குழந்தை என்பன போன்ற செய்திகளை மருத்துவமனையில் கேட்டு எழுதுகிறார்கள்; 2000-ஆம் ஆண்டு முதல் அவை புள்ளிவிவரப் பகுதியாகப் பிரிக்கப்பட்டு வேறிடம் போய்விடுகின்றன. நம் கைக்கு வரும் சான்றிதழில் அவை இரா. பேரன் நாளை தேடப்போவது அதைத்தான்.

நம் கவலையெல்லாம் எழுபதும் எண்பதும் கடந்த மூதாட்டியரைப் பற்றியது. கொல்லம் ஆண்டையும் பிறையையும் மழையையும் கொண்டு ஊரார் பிறந்த நாளெல்லாம் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். தாங்கள் பிறந்த ஊர் எது, தங்கள் உம்மா பிறந்த வீடு எது, பேறு பார்த்த மருத்துவச்சி யார், எந்தப் பிள்ளை எந்த ஊரில் பிறந்தது என்பதையெல்லாம் கேட்டால் சொல்வார்கள். இதுவரை எவரும் கேட்டதில்லை. மலர்க்குழுவினர் அரபு நாட்டுப் பெரியவரின் மரக்கலத்தை ஓராண்டு காத்திருக்கச் செய்யலாம். அது கரை சேர்ந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அந்த ஓராண்டில் இம்மூதாட்டியரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி, அதைக் கையில் கொண்டு பதிவேடுகளைத் தேடட்டும். பதிவு கிடைக்கவில்லை என்று சான்று தரப்பட்டால், எந்த ஊர் ஏட்டில், எந்த ஆண்டுகளில், யார் பெயரைக் கொண்டு தேடினார்கள் என்பதையும் கேட்டுக் குறித்து வரட்டும். ஓர் ஏட்டில் இல்லை என்பதால் எந்த ஏட்டிலும் இல்லை என்று ஆகிவிடாது.

கருங்கல் வட்டாரத்து மஹல்லா நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நிக்காஹ் ஏட்டில் மணமகன், மணமகள் இருவருக்குமே தாயின் பெயர், தாயின் சொந்த ஊர், பிறந்த நாள், பிறப்பு எங்கே பதிவாயிற்று என்ற நான்கையும் எழுத இடம் ஒதுக்குங்கள். கத்தீபுக்கு இதனால் வேலை மிகுந்துவிடும் என்று ஒரு நிர்வாகி நம்மிடம் சொன்னார். ஒரு மஹல்லாவில் ஓராண்டுக்கு எத்தனை நிக்காஹ் நடந்துவிடப் போகின்றது? பந்தியில் பிரியாணி பரிமாறி முடியும் நேரத்துக்குள் இரு வீட்டு உம்மாக்களிடமும் ஆள் அனுப்பிக் கேட்டு எழுதி முடித்துவிடலாம்.